ஜெர்மனியில் பிள்ளைப்பேறு: யாரை, எப்போது, எப்படிப் பிடிப்பது

பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடு விழுந்த வாரத்திலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: ஹேபம்மே, அதாவது மருத்துவச்சி, தேடுவது. நம் ஊரிலிருந்து வந்த பெண்கள் பலர் அதை ஆறாம் மாதம், ஏழாம் மாதம் என்று தள்ளிப்போடுகிறார்கள். அப்போது போன் அடித்தால் எல்லோரும் "இடமில்லை" என்றுதான் சொல்வார்கள்.

நான் ஈரோட்டுப் பக்கம். கல்யாணமாகி ஷ்டுட்கார்ட் வந்தேன், என் பிள்ளைகள் இருவரும் இங்கேதான் பிறந்தார்கள். இப்போது இந்த வட்டாரத்தில் தமிழ்ப் பெண் யாராவது மாசமாக இருந்தால் டாக்டரிடமும் அலுவலகங்களுக்கும் துணைக்குப் போகிறேன். "அக்கா, அடுத்து என்ன பண்ணணும்?" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

ஊரில் ஒரு லேடி டாக்டரைப் பிடித்தால் போதும். மாதா மாதம் பார்ப்பதும் ஸ்கேனுக்கு அனுப்புவதும் பிரசவம் பார்ப்பதும் அவரே. இங்கே அந்த வேலை துண்டு துண்டாகப் பிரிந்திருக்கிறது. கர்ப்ப காலத்தில் பார்க்கும் டாக்டர் தெருமுனையில் தனிக் கிளினிக் வைத்திருப்பார். பிரசவ அறைக்கு அநேகமாக வரமாட்டார். பிரசவம் ஆஸ்பத்திரியில், அன்றைக்குப் பணியில் இருக்கும் ஹேபம்மேயின் கையில். வீட்டுக்கு வந்தபின் பார்க்க வருவது இன்னொரு ஹேபம்மே. குழந்தைக்குத் தனி டாக்டர். இவர்களில் யாரும் அடுத்தவரை உங்களுக்காகக் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். ஒவ்வொருவரிடமும் போய் இடம் பிடிப்பது உங்கள் பொறுப்பு. இது தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஹேபம்மே

குறைந்தது மூன்று வருடம் படித்து அரசுத் தேர்வு எழுதிய மருத்துவச்சி இவர். 2020 முதல் இது பட்டப்படிப்பு. ஜெர்மன் சட்டப்படி சிக்கலில்லாத பிரசவத்தை டாக்டர் இல்லாமல் ஹேபம்மே பார்க்கலாம். ஹேபம்மே இல்லாமல் டாக்டர் பார்க்கக் கூடாது, அவசரம் தவிர. என் அம்மாவிடம் போனில் இதைச் சொன்னபோது, "ஏங்கண்ணு, டாக்டரே வராம எப்படிப் பெத்துக்குவே?" என்று பதறிவிட்டார். பதற ஒன்றுமில்லை. கொஞ்சம் சிக்கல் என்றாலும் டாக்டர் அடுத்த அறையில்தான் இருப்பார்.

நீங்கள் தேட வேண்டியது பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வரும் ஹேபம்மேயை. முதல் பத்து நாள் தேவைப்பட்டால் தினமும் வருவார். அதன்பின் 12 வாரம் வரை இடைவெளி விட்டு வருவார். தையல் ஆறுகிறதா, கர்ப்பப்பை சுருங்குகிறதா, பால் இறங்குகிறதா, குழந்தை எடை கூடுகிறதா என்று பார்ப்பார். துணியில் குழந்தையைப் போட்டு, கொக்கியில் மாட்டி, தூளி மாதிரித் தொங்கவிட்டு எடை பார்ப்பார். அரசு சார்ந்த காப்பீடு, அதாவது க்ராங்கன்காஸே, இருந்தால் இதற்கு ஒரு சென்ட்கூடக் கட்ட வேண்டாம். அம்மாவும் மாமியாரும் பக்கத்தில் இல்லாத ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய உதவி இந்த நாட்டில் வேறு கிடையாது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஹேபம்மேக்கள் சங்கம் நடத்தும் அம்மெலி இணையதளத்திலும், க்ராங்கன்காஸேக்களின் பொதுப் பட்டியலிலும் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டுத் தேடலாம். போனைவிட எழுத்து நல்லது. பிரசவத் தேதி, முகவரி, எத்தனையாவது பிள்ளை, ஆங்கிலம் பேசுவீர்களா என்று நான்கு வரி எழுதி ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்புங்கள். ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸை ஒட்டியும் பிள்ளை பிறக்கும் என்றால் இன்னும் சீக்கிரம் தேட வேண்டும். அப்போது அவர்களும் விடுமுறையில் போய்விடுவார்கள்.

காப்பீடு

கணவர் க்ராங்கன்காஸேயில் இருந்து, உங்களுக்குச் சம்பளம் இல்லையென்றால், அவருடைய காப்பீட்டிலேயே குடும்ப உறுப்பினராக இலவசமாகச் சேரலாம். காத்திருப்புக் காலம் கிடையாது, ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். வந்திறங்கி முகவரி பதிந்ததும் அந்தப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். விசாவுக்காக எடுத்த மலிவுப் பயணக் காப்பீட்டை நம்பிப் பிரசவத்தை எதிர்பார்க்காதீர்கள். தனியார் காப்பீட்டிலும் பிரசவத்துக்குப் பெரும்பாலும் எட்டு மாதக் காத்திருப்பு இருக்கும்.

டாக்டரிடம்

கர்ப்பம் உறுதியானதும் டாக்டர் முட்டர்பாஸ் என்ற சின்னக் கையேட்டைத் தருவார். ரத்த வகை, பரிசோதனை முடிவுகள், எடை, ரத்த அழுத்தம், குழந்தையின் வளர்ச்சி எல்லாம் அதில் ஏறும். பல் டாக்டரிடம் போனாலும் ரயிலில் ஊர்சுற்றப் போனாலும் அது கைப்பையில் இருக்க வேண்டும். வழியில் மயங்கி விழுந்தால் உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் கையேடு மட்டும்தான்.

32ஆம் வாரம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் பரிசோதனை. காப்பீடு தரும் ஸ்கேன் மூன்றுதான்: 9 முதல் 12, 19 முதல் 22, 29 முதல் 32 வாரங்களில். ஊரில் போகும்போதெல்லாம் ஸ்கேன் பார்த்துப் பழகியவர்களுக்கு இது குறைவாகத் தோன்றும். டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் கூடுதலாகப் பார்ப்பார், அதற்குக் காசில்லை. உங்கள் ஆசைக்குக் கேட்டால் கைக்காசு. இரண்டாவது ஸ்கேனில் சாதாரணமா, விரிவானதா என்று கேட்பார்கள். விரிவானதைக் கேளுங்கள். தலை, இதயம், முதுகெலும்பு எல்லாம் தனித்தனியாகப் பார்ப்பது அதில்தான், அதுவும் காப்பீட்டிலேயே வருகிறது.

முதல் தடவை போகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்வது உடை விஷயம். இங்கே கவுனோ போர்வையோ தரமாட்டார்கள். சின்ன மறைவில் கீழாடையைக் கழற்றிவிட்டு அப்படியே நடந்து வந்து நாற்காலியில் ஏறச் சொல்வார்கள். முழங்கால் வரை வரும் தொளதொள குர்தாவோ, பாவாடையோ போட்டுக்கொண்டு போங்கள். தூக்கிக்கொண்டால் போதும், கூச்சம் பாதி குறையும். பெண் டாக்டர்தான் வேண்டும் என்றால் நேரம் வாங்கும்போதே சொல்லலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆணா பெண்ணா என்ற கேள்வி. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லக் கூடாது என்று தடுக்கிறது. இங்கே மூன்று மாதம் தாண்டியபின், "தெரிந்துகொள்ள வேண்டுமா?" என்று டாக்டரே கேட்பார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேச்சுவாக்கில் வாய்தவறி வந்துவிடும். தெரிந்துகொண்டாலும் ஊருக்குச் சொல்லத்தான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் உங்களுக்கு இல்லை.

சர்க்கரைப் பரிசோதனையை நம் பெண்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 24 முதல் 28 வாரத்துக்குள் 50 கிராம் குளுக்கோஸ் கரைசல் குடிக்கச் சொல்வார்கள், வெறும் வயிறு தேவையில்லை. ஒரு மணி நேரத்தில் 135 அல்லது அதற்கு மேல் வந்தால், இன்னொரு நாள் வெறும் வயிற்றில் 75 கிராம் கரைசலோடு முழுப் பரிசோதனை. தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை அதிகம் வருகிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை இருந்தால் முதல் தடவை போகும்போதே சொல்லுங்கள். 24 வாரம் வரை காத்திருக்காமல் முன்னதாகவே பார்ப்பார்கள். சர்க்கரை இருப்பது தெரிந்தால் உணவுப் பட்டியல் ஒன்று கொடுப்பார்கள். அதில் ரொட்டியும் சீஸும் உருளைக்கிழங்கும்தான் இருக்கும். வாங்கி வைத்துவிட்டு வீட்டில் திண்டாடாதீர்கள். நீங்கள் காலை, மதியம், இரவு சாப்பிடுவதை, எத்தனை இட்லி, எவ்வளவு சோறு, எவ்வளவு பருப்பு என்று ஒரு வாரம் எழுதிக்கொண்டு போனால், அதை வைத்தே மாற்றித் தருவார்கள்.

ஊரில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது வழக்கம். இங்கே ரத்தத்தில் குறைந்தால்தான். ஃபோலிக் அமிலமும் அயோடினும் நீங்களே மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பார்க்கமாட்டார்கள். கடைசி மூன்று மாதத்தில் கக்குவான் இருமல் தடுப்பூசி, சளிக்காய்ச்சல் காலம் என்றால் அதற்கும் ஒன்று, இரண்டும் இலவசம்.

வேலைக்குப் போகிறவர்கள்

கர்ப்பம் என்று அலுவலகத்துக்குத் தெரிந்த நாளிலிருந்து உங்களை வேலையைவிட்டு நீக்க முடியாது, பிரசவமாகி நான்கு மாதம் வரை. சோதனைக் காலத்தில் இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. தெரியாமல் நீக்கல் கடிதம் கொடுத்துவிட்டாலும், இரண்டு வாரத்துக்குள் கர்ப்பம் என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் கடிதம் செல்லாது. ஆனால் குறிப்பிட்ட தேதியோடு முடியும் ஒப்பந்தம் அந்தத் தேதியில் முடிந்துதான் போகும். பரிசோதனைக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. பிரசவத்துக்கு முன் 6 வாரம், பின் 8 வாரம், இரட்டையோ குறைப்பிரசவமோ என்றால் பின் 12 வாரம், கிட்டத்தட்ட முழுச் சம்பளத்தோடு விடுப்பு. இதன் பெயர் முட்டர்ஷுட்ஸ்.

அதன்பின் எல்ட்டர்ன்கெல்ட், பிள்ளையைப் பார்க்க வீட்டில் இருக்கும் பெற்றோருக்கு அரசு தரும் பணம். கைக்கு வந்துகொண்டிருந்த சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 1,800 யூரோவுக்கு மேல் போகாது. வேலைக்குப் போகாத தாய்க்கும் 300 யூரோ உண்டு. ஒருவர் 12 மாதம் வரை எடுக்கலாம். இன்னொருவரும் எடுத்தால் இரண்டு மாதம் கூடும். கணவரும் மனைவியும் சேர்ந்தே இரண்டு மாதம் வீட்டிலிருந்து பிள்ளையைப் பார்க்கலாம் என்று பலர் திட்டம் போடுகிறார்கள். ஆனால் 2024 ஏப்ரல் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு, முதல் வருடத்தில் ஒரு மாதம்தான் இருவரும் சேர்ந்து எடுக்க முடியும். பிள்ளை பிறந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், பின்னாடித் தேதிக்கு அதற்கு மேல் தரமாட்டார்கள்.

இருவரும் சம்பாதிக்கிறீர்கள் என்றால் வரி வகுப்பை மாற்றுவதைப் பற்றி ஆரம்பத்திலேயே கேளுங்கள். முட்டர்ஷுட்ஸ் தொடங்கும் மாதத்துக்கு முந்தைய ஏழு மாதமாவது உங்கள் வகுப்பு, பிடித்தம் குறைவான மூன்றாக இருந்தால்தான் எல்ட்டர்ன்கெல்ட் கணக்கில் அது சேரும். இரண்டு கோடு பார்த்த கையோடு இதற்கும் உட்கார வேண்டியிருப்பது இதனால்தான்.

ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுப்பது

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பது உங்கள் விருப்பம், டாக்டர் அனுப்புவதில்லை. சிக்கல் எதுவும் இல்லையென்றால் ஹேபம்மேக்கள் நடத்தும் பிரசவ இல்லத்திலோ, வீட்டிலோகூடப் பெறலாம். பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் மாதத்துக்கு ஒருமுறை மாலையில் தகவல் கூட்டம் நடத்துகின்றன. ஆறாம் மாதத்தில் கணவரோடு போய்ப் பாருங்கள். மயக்க டாக்டர் 24 மணி நேரமும் இருக்கிறாரா, குழந்தைகள் சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரட்டைக் குழந்தை, சர்க்கரைக்கு ஊசி, குறைப்பிரசவ பயம் இருந்தால் இரண்டாவது கேள்வியின் பதில்தான் முடிவு செய்ய வேண்டும்.

எட்டாம் மாதவாக்கில் பதிவு செய்யும் சந்திப்பு. அன்றைக்கே வலி குறைக்கும் முதுகுத்தண்டு ஊசி, சிசேரியன் இரண்டுக்குமான விளக்கத்தாள்களைக் கேட்டு வாங்கி, வீட்டில் நிதானமாகப் புரிந்து படித்துக் கையெழுத்துப் போட்டு முட்டர்பாஸில் செருகி வையுங்கள். ஊசி வேண்டாம் என்று நினைப்பவர்களும் போட்டு வையுங்கள். வலி ஏறியபின் ஜெர்மன் மொழியில் நான்கு பக்கம் வாசித்து ஒப்புதல் தருவது யாராலும் ஆகாது. கையெழுத்துப் போட்டதாலேயே ஊசி போட்டுவிடவும் மாட்டார்கள்.

இடம் நிறைந்துவிட்டால் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் நடக்கிறது. அதனால் இரண்டாவதாக ஒன்றையும் மனதில் வைத்திருங்கள்.

முதல் பிள்ளை என்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வலி வந்து, அது ஒரு மணி நேரம் நீடித்தபின் கிளம்பலாம். முன்பே போனால் பெரும்பாலும் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள். கிளம்பும் முன் பிரசவ அறைக்கு போன் செய்யுங்கள். பனிக்குடம் உடைந்து நீர் பச்சையாக வந்தாலோ, ரத்தம் ஓடினாலோ, குழந்தை அசைவது குறைந்தாலோ எதையும் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே போக வேண்டும். வண்டியில்லை என்றால் 112.

பிரசவ அறையில் மல்லாந்து படுத்தே பெற வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நடக்கலாம், கயிற்றைப் பிடித்துத் தொங்கலாம், வெந்நீர்த் தொட்டியில் இருக்கலாம். கணவர் கடைசிவரை கூடவே இருக்கலாம், சிசேரியனிலும் பெரும்பாலும் விடுவார்கள். கத்தினால் யாரும் திட்டமாட்டார்கள். ஊரில் பிரசவ அறையில் அடியும் வசையும் வாங்கிய அக்காமார்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது பெரிய விஷயம், பயமில்லாமல் போங்கள். குழந்தையைத் துடைத்து, குளிப்பாட்டாமல், நேரே உங்கள் மார்பில் போடுவார்கள். பிறக்கும்போது உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பூச்சை வேண்டுமென்றேதான் கழுவாமல் விடுகிறார்கள், அது குழந்தையின் தோலுக்குக் காப்பு.

சாதாரணப் பிரசவத்துக்கு மூன்று நாள் வைத்திருப்பார்கள். இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கு, குளிர்ந்த ரொட்டியும் சீஸும். கணவரிடம் பிளாஸ்கில் மிளகு ரசமும் குழைந்த சோறும் கொண்டுவரச் சொல்லுங்கள். காரில் போவதானால் குழந்தை இருக்கை முன்கூட்டியே பொருத்தியிருக்க வேண்டும், மடியில் வைத்துக்கொண்டு வர முடியாது.

பெயரும் காகிதமும்

தமிழர்களுக்கு மற்ற எல்லோரையும்விட அதிகமாகச் சிக்கும் இடம் இதுதான். பிறப்பைப் பதிவது ஷ்டாண்டஸ்ஆம்ட் என்ற அலுவலகம். நம் கல்யாணப் பதிவில் "சு. கார்த்திகேயன்" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் சுப்பிரமணியன் குடும்பப் பெயராகியிருக்கும், சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். மூன்று காகிதத்திலும் மூன்று எழுத்துக்கூட்டல். அவர்கள் கணக்குப்படி, அப்பா வழிப் பெயர் வைத்தால் பிள்ளையின் குடும்பப் பெயர் அப்பாவின் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் உள்ளதுதான். அதாவது பிள்ளைக்குப் பின்னால் அப்பா பெயர் வராது, தாத்தா பெயர் வந்து நிற்கும். நம் வழக்கப்படி அப்பா பெயர்தான் வேண்டும் என்றால், அதற்கு வழி உண்டா என்று ஐந்தாம் மாதத்திலேயே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். என்னென்ன ஆவணம் வேண்டும் என்ற பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். பிறப்புச் சான்றுகள், கல்யாணச் சான்று எல்லாவற்றுக்கும் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு வேண்டும். சில நேரம் இந்தியாவில் சரிபார்க்கவும் அனுப்புவார்கள், அது மாதக் கணக்கில் இழுக்கும். ஏதாவது குறைந்தால் பிறப்புச் சான்றுக்குப் பதில் பதிவேட்டின் நகல் தருவார்கள். அதை வைத்துக் குழந்தைக்கான மாதப் பணமான கிண்டர்கெல்ட்டுக்கும் எல்ட்டர்ன்கெல்ட்டுக்கும் விண்ணப்பிக்கலாம், கலங்க வேண்டாம்.

பெற்றோரில் ஒருவர் ஐந்து வருடம் சட்டப்படி இங்கே வாழ்ந்து நிரந்தர வசிப்புரிமையும் வைத்திருந்தால், 2024 ஜூன் 27 முதல் பிறந்த பிள்ளை ஜெர்மன் குடிமகனாகவே பிறக்கும். மற்றவர்கள் இந்தியத் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் பிறப்பைப் பதிந்து பாஸ்போர்ட் வாங்க வேண்டும். வசிப்பு அனுமதிக்கோ ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த ஆறு மாதம் ஓடிவிடும், விண்ணப்பத்தை முதலில் போட்டுவிடுங்கள்.

அம்மா வரும்போது

பயண விசாவில் 90 நாள்தான். பலர் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே அம்மாவை அழைத்துவிடுகிறார்கள். தேதி தள்ளிப்போனால் உதவி தேவைப்படும் நேரத்தில் அவர் கிளம்ப வேண்டிவரும். பிரசவத் தேதிக்குப் பத்து நாள் முன்னால் வந்தால் போதும் என்பது என் கணிப்பு.

பத்தியக் குழம்பும் பூண்டும் சுக்கும் தாராளமாகச் சாப்பிடலாம். ஹேபம்மேயும் சோம்பு, சீரகம் போட்ட டீதான் குடிக்கச் சொல்வார். குழந்தைக்கு வசம்பு, ஓம வாட்டர், காதிலும் மூக்கிலும் எண்ணெய், இதெல்லாம் வேண்டாம். சாம்பிராணி போட்டால் கூரையிலுள்ள புகை எச்சரிக்கை அலறி, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். குழந்தையின் நுரையீரலுக்கும் அது நல்லதில்லை. இதை நாம் சொன்னால் அம்மாவுக்கு மனசு நோகும். ஹேபம்மே வரும்போது அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பிசிஜி ஊசி ஏன் போடவில்லை என்று ஊரிலிருந்து கேட்பார்கள். காசநோய் இங்கே அரிது என்பதால் 1998 முதல் பரிந்துரைப்பதில்லை. ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்கப்போகிறீர்கள் என்றால் குழந்தை டாக்டரிடம் தனியாகப் பேசுங்கள். அந்த டாக்டரையும் பிரசவத்துக்கு முன்பே பிடித்துவைக்க வேண்டும். நான்காவது, ஐந்தாவது வாரத்துப் பரிசோதனைக்கு அவரிடம்தான் போக வேண்டும்.

அம்மா விமானம் ஏறியபின் வரும் வாரங்கள்தான் கடினம், குளிர்காலம் என்றால் இன்னும். காரணமில்லாமல் அழுகை வருகிறது, பிள்ளையைத் தூக்கவே மனமில்லை, தூக்கம் வரும் நேரத்திலும் தூங்க முடியவில்லை, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் அது நோய், உங்கள் குணமல்ல. ஹேபம்மேயிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஜெர்மன் வராவிட்டால் போனில் எழுதிக் காட்டுங்கள். இதற்கு மருந்தும் ஆலோசனையும் இருக்கிறது, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்தும் இருக்கிறது. இரவிலோ வார இறுதியிலோ டாக்டர் வேண்டுமென்றால் 116117. உயிருக்கு ஆபத்து, உங்களுக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயம் என்றால் 112.

இடுப்புத் தசையை மீட்கும் பயிற்சி வகுப்புக்குக் காப்பீடு பத்து மணி நேரம் தருகிறது. பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஆவதற்குள் முடிக்க வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டே போகும் வகுப்புகளும் உண்டு. அதற்கும் கர்ப்பத்திலேயே பெயர் கொடுத்துவிடுங்கள்.